நீயே எழுதிட்டு வாம்மா!

போன மாதம் ஒரு பெண் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். தென் மாவட்டம் ஒன்றில் அரசு சட்டக் கல்லூரி மாணவி. ஐந்து வருடப் படிப்பில் கடைசி வருடம். அப்பாவுக்கு ரேஷன் கடையில் எடையாளர் வேலை. அந்தக் குடும்பத்தில் கோர்ட் படி ஏறியவர்கள் ஏற்கெனவே உண்டு. எல்லாரும் வாய்தாவுக்காக ஏறியவர்கள். கறுப்பு கவுனோடு ஏறப்போகிற முதல் ஆள் இவர்தான்.

"சார், எனக்கு ஒரு லெட்டர் வேணும்."

"என்ன லெட்டர்மா?"

"இங்கிலாந்துல எல்.எல்.எம். படிக்க அப்ளை பண்றேன். மூணு பேர் என்னைப் பத்தி எழுதித் தரணும். ரெண்டு பேர் ரெடி. மூணாவதா நீங்க தர முடியுமா?"

எங்களுக்குள் அறிமுகமாகி அப்போது பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. அவர் காபி குடிக்க மாட்டார் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. 'ரெடி'யான அந்த இரண்டு கடிதங்களைக் காட்டச் சொன்னேன்.

முதல் கடிதம் ஒன்றரைப் பக்கம். கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், தலைமைப் பண்பு மிக்கவர் என்று ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டே போனது. கீழே கையெழுத்து, சீல், எல்லாம் கனகச்சிதம்.

"இதை யார் எழுதினது?"

தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் சார். மேடம்கிட்ட கேட்டேன். 'நீயே எழுதிட்டு வாம்மா, நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்'னாங்க."

"ரெண்டாவது?"

"அதுவும் நான்தான் சார். வேற ஃபான்ட்ல."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் என் சிரிப்பு எவ்வளவு அபத்தம் என்று புரிந்தது.

இந்த வாரம் எனக்குச் சண்டை அந்த மேடத்தோடுதான். பெயர் சொல்லப் போவதில்லை. சொல்லவும் தேவையில்லை. சட்டம், இன்ஜினீயரிங், கலை அறிவியல் என எந்தக் கல்லூரி வராந்தாவில் போய் நின்றாலும் அந்த வாக்கியம் காதில் விழும். உங்கள் வீட்டில் ஒரு கல்லூரி மாணவர் இருந்தால் அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

முதலில், அந்தக் கடிதம் என்ன, எதற்கு என்று பார்த்துவிடலாம்.

ஆக்ஸ்ஃபோர்டில் சட்ட மேற்படிப்புக்கு பி.சி.எல். என்று பெயர். அதற்கு மூன்று கடிதங்கள் வேண்டும். கேம்பிரிட்ஜ் எல்.எல்.எம்.முக்கு இரண்டு. இரண்டுமே கல்லூரி ஆசிரியர்களிடமிருந்து. ஹார்வர்டுக்குக் குறைந்தது இரண்டு. மாணவர் தன் விண்ணப்பத்தில் ஆசிரியரின் பெயரையும் இ-மெயில் முகவரியையும் கொடுக்கிறார். பல்கலைக்கழகம் அந்த ஆசிரியருக்கு நேரடியாக ஒரு லிங்க் அனுப்புகிறது. அவர் அதில் கடிதத்தை ஏற்றவேண்டும். நடுவில் மாணவரின் கை படக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

மார்க் ஷீட்தான் இருக்கிறதே, கடிதம் எதற்கு? அங்கே உட்கார்ந்திருக்கும் தேர்வுக் குழுவுக்கு நம் மார்க்கின் அருமை தெரியாது. நம் ஊர் சட்டப் படிப்பில் 60 சதவிகிதம் வாங்கினாலே முதல் வகுப்பு. 65 வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். அள்ளி வழங்குகிற கல்லூரியின் 85-க்குப் பக்கத்தில் இந்த 65-ஐ வைத்தால் நம் பிள்ளை ஏதோ சுமாரான கேஸ் மாதிரிதான் தெரியும். 'ஐயா, எங்கள் கல்லூரியில் இந்த 65 என்பது வகுப்பில் இரண்டாவது இடம். இந்தப் பெண் கம்பெனி சட்டத்தில் எழுதிய கட்டுரையை நான் மூன்று முறை படித்தேன்' என்று எடுத்துச் சொல்ல ஒரு மனுஷர் வேண்டும். அந்த மனுஷர் பேசுகிற இடம்தான் அந்தக் கடிதம். பணக்காரக் கல்லூரியின் பெயரே பேசிவிடும். நம் அரசுக் கல்லூரிப் பிள்ளைக்காக ஆசிரியர்தான் பேசவேண்டும்.

அங்கே நாம் என்ன செய்கிறோம்? மைக்கைத் திருப்பி அந்தப் பிள்ளை கையிலேயே கொடுத்து, 'உன்னைப் பத்தி நீயே பேசிட்டுப் போ' என்கிறோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. நமக்குத் தெரிந்த சான்று, நன்னடத்தைச் சான்றிதழ்தான். டி.சி.யோடு சேர்த்துக் கொடுப்பார்கள். அச்சடித்த தாள். பெயருக்கு மட்டும் கோடு. நடத்தை: நன்று. வகுப்புக்கே வராத பையனுக்கும் நன்று, பெஞ்சை உடைத்த பையனுக்கும் நன்று. அதை யாரும் படித்துப் பார்ப்பதில்லை. சீல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். பச்சை மை கையெழுத்துக்காக கெஸட்டட் ஆபீஸர் வீட்டு வாசலில் கால் கடுக்க நின்ற தலைமுறை நாம். என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட யார் கையெழுத்து என்பதுதான் நமக்கு முக்கியம்.

இன்னொன்று, நம் நாட்டு எல்.எல்.எம். படிப்புக்கு இந்தக் கடிதமே தேவைப்படுவதில்லை. பெரும்பாலான தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு 'கிளாட்' நுழைவுத் தேர்வு மார்க் போதும். ஆகவே நம் ஆசிரியர்களில் பலருக்கு யாரும் இப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை. அவர்களும் யாருக்கும் எழுதிப் பழகியதில்லை.

போதாக்குறைக்கு 'சிபாரிசு' என்ற வார்த்தையை வேறு நாம் நாசம் செய்து வைத்திருக்கிறோம். சிபாரிசுக் கடிதம் என்றாலே எம்.எல்.ஏ. லெட்டர்பேடுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதனால்தான் கொஞ்சம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஓய்வுபெற்ற நீதிபதி மாமாவிடம் ஓடுகிறது. மாமாவும் 'இவன் தங்கமான பையன், குழந்தையிலிருந்தே எனக்குத் தெரியும்' என்று நாலு வரி தருகிறார். லெட்டர்பேடு கனமாக இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. பையன் சட்டத்தை எப்படிப் படிக்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஒன்று, அந்தப் பையனுக்கு இது போனாலும் வேறு பத்து வழி இருக்கிறது. எடையாளர் மகளுக்கு இது ஒன்றுதான்.

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு மத்திய அரசின் வெளிநாட்டுப் படிப்பு உதவித்தொகைகள் இருக்கின்றன. அவற்றை நம்பி விமானம் ஏறவேண்டும் என்றால் முதலில் அங்கே இடம் கிடைத்திருக்க வேண்டும். இடம் வேண்டும் என்றால் கடிதம் வேண்டும். கடிதம் பொக்கை என்றால் இடம் இல்லை. இடம் இல்லை என்றால் உதவித்தொகையும் இல்லை. ஒருவர் உட்கார்ந்து எழுதாமல் விட்ட ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு விலை.

சட்டம் படித்தவர்களிடம் சட்டத்திலேயே பேசலாம். 1872-ம் வருட இந்திய சாட்சியச் சட்டத்தின் 60-வது பிரிவு என்ன சொன்னது? வாய்மொழி சாட்சியம் நேரடியாக இருக்கவேண்டும். பார்த்த விஷயம் என்றால் பார்த்தவர்தான் வந்து சொல்லவேண்டும். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்துவிட்டது. பெயர் மாறியது, எண் மாறியது, இந்த விதி மாறவில்லை. இதை போர்டில் எழுதிப் போட்டுப் பாடம் நடத்திவிட்டு, ஸ்டாஃப் ரூமுக்கு வந்ததும் 'நான் என்ன பார்த்தேன்னு நீயே எழுதிட்டு வா' என்றால், அது என்ன சாட்சியம்?

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 1974-ல் ஒரு சட்டம் வந்தது. மாணவர் தன்னைப் பற்றிய கல்விப் பதிவுகளைப் பார்க்க அது உரிமை கொடுத்தது. அதனால் அங்கே விண்ணப்பிக்கும்போதே கேட்பார்கள்: 'இந்தக் கடிதங்களைப் பார்க்கும் உரிமையை விட்டுக் கொடுக்கிறீர்களா?' விட்டுக் கொடுத்தால்தான் கடிதத்தை நம்புவார்கள் என்பதால் எல்லாரும் 'ஆம்' என்று டிக் அடிப்பார்கள். பார்க்கவே மாட்டேன் என்று டிக் அடித்த கடிதத்தை முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதியதே அந்த மாணவர்தான்! நாளைக்கு நீதிமன்றத்தில் 'உண்மையைத் தவிர வேறெதுவும் பேசமாட்டேன்' என்று சாட்சிகளிடம் சத்தியம் வாங்கவிருக்கிற பிள்ளையை, வாழ்க்கையின் முதல் முக்கியமான படிவத்திலேயே பொய்க்குப் பழக்கிவிடுகிறோம். பழக்குவது யார்? சட்ட ஆசிரியர்!

இப்போது இதற்கு ஒரு புதுத் துணையும் வந்துவிட்டது. சாட்ஜிபிடி. 'எனக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுது' என்றால் அரை நிமிஷத்தில் கொட்டுகிறது. இரண்டு ஆசிரியர்கள், இரண்டு கையெழுத்து, இரண்டிலும் ஒரே வார்த்தைகளில் ஒரே புகழ்ச்சி. படிக்கிறவர்கள் வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் படிக்கிறவர்கள். அவர்களுக்குத் தெரியாதா?

ஆசிரியர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கே போன் வரும்.

'எத்தனை பேருக்குன்னு எழுதறது சார்?' பார் கவுன்சிலின் 2008 விதிகள்படி ஒரு பிரிவுக்கு 60 மாணவர்கள். அப்படி மூன்று நான்கு பிரிவுகள் பார்க்கிற ஆசிரியர் உண்டு. காலிப் பணியிடங்களின் பாரமும் இருக்கிறவர்கள் தலையில்தான். நவம்பர், டிசம்பரில் பல்கலைக்கழகங்களின் கடைசித் தேதி வரும்போதுதான் இங்கே செமஸ்டர் தேர்வும் வரும். எல்லாம் நிஜம். ஆனால் அந்த 60 பேரில் வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள் எத்தனை பேர்? அரசுக் கல்லூரியில் ஒருவரோ இருவரோ. அந்த ஒருவருக்கு ஒரு மணி நேரம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

'இங்கிலீஷ் அவ்வளவா வராது சார்.' இதை வெளிப்படையாகச் சொல்கிற ஆசிரியர்களை மதிக்கிறேன். ஆனால் அங்கே யாரும் அலங்கார ஆங்கிலம் கேட்கவில்லை. இந்த மாணவியை எத்தனை வருடமாகத் தெரியும், எந்தப் பாடம் நடத்தினேன், வகுப்பில் எந்த இடம், எந்த நாள் எந்தக் கேள்வி கேட்டு என்னைத் திணறடித்தாள், இன்னும் எதில் தேறவேண்டும். அவ்வளவுதான். சின்னச் சின்ன வாக்கியங்களில் ஒரு பக்கம். நிஜம் இருந்தால் இலக்கணப் பிழையை யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள்.

'ரகசியமா எழுதறதே தப்பில்லையா? மனசுல ஏதாவது வெச்சுக்கிட்டு ஒரு ஆசிரியர் கெடுத்து எழுதிட்டா?' நியாயமான கேள்வி. ஸ்டிரைக்கில் முன்னால் நின்ற மாணவர்மேல் கடுப்பாக இருக்கிற ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ரகசியக் குறிப்பு என்றாலே எனக்கும் ஒவ்வாமைதான். அரசு ஊழியரின் வருடாந்தர ரகசிய அறிக்கையில் எழுதுகிற ஒவ்வொரு குறிப்பையும் அவருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2008-ல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது நல்ல தீர்ப்பு. அதே நேர்மையை இங்கேயும் கொண்டு வரலாம். எப்படி? எழுத நல்லதாக எதுவும் இல்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். 'உன்னைப் பத்தி எனக்கு அதிகம் தெரியாதும்மா, வேற யாரையாவது கேளு.' இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. 'மாட்டேன்' என்று சொல்கிற ஆசிரியரிடம் எனக்கு வருத்தம் இல்லை. 'சரி' என்று சொல்லிவிட்டு எழுதாமல் கையெழுத்து மட்டும் போடுகிறவரிடம்தான் கோபம்.

இவ்வளவு பேசுகிற நீ யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு சட்டக் கல்லூரிப் பையன் லீவு நாட்களில் என்னோடு வேலை பார்த்தான். கோர்ட் ஆவணங்களைப் படித்துச் சுருக்கித் தருவான். வெளிநாட்டுப் படிப்புக்குக் கடிதம் கேட்டான். இதழ் முடிக்கிற அவசரம். 'நீயே எழுதிட்டு வாப்பா' என்றேன். ஆமாம், அதே வாக்கியம். எழுதி வந்தான். கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், தலைமைப் பண்பு மிக்கவர். படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன்.

அவனுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. என் கடிதத்தால்தானா என்று சொல்ல முடியாது. ஆனால் கொஞ்ச நாள் கழித்து, எனக்குத் தெரிந்த அந்தப் பையன் அந்தக் கடிதத்தில் இல்லவே இல்லை என்பது உறைத்தது. ஒரு கொலை வழக்கைப் பற்றிய கட்டுரையில் நான் 'கொலைகாரன்' என்று எழுதியிருந்தேன். அவன் தாளை நீட்டி, "சார், குற்றம்சாட்டப்பட்டவர்னு மாத்துங்க. இன்னும் தீர்ப்பு வரலை" என்றான். ஊருக்கே தெரியுமேப்பா என்று வாதாடினேன். ஆசிரியர் குழுவில் இன்னொருவரும் என்னோடு சேர்ந்துகொண்டார். இருபத்தோரு வயசுப் பையன், இரண்டு பெரிய மனிதர்களுக்கு எதிரே நின்று, குரலை உயர்த்தாமல், "இருக்கலாம் சார். ஆனா தீர்ப்பு வரலை" என்று மறுபடியும் சொன்னான். கடைசியில் மாற்றினேன்.

ஒரு சட்டப் பள்ளிக்கு அந்தப் பையனைப் பற்றித் தெரியவேண்டிய விஷயம் அது ஒன்றுதான். அதை அவன் எழுதவில்லை. எப்படி எழுதுவான்? அது ஒரு குணம் என்றே அவனுக்குத் தெரியாது. அவனைப் பொறுத்தவரை அது சும்மா ஒரு பிழைத் திருத்தம். அதைப் பார்த்தவன் நான். எழுதவேண்டியவனும் நான். சோம்பேறித்தனத்தால் அவனைக் கைவிட்டேன்.

இதனால்தான் சொல்கிறேன். முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தங்களிடம் என்ன விசேஷம் இருக்கிறது என்பதே தெரியாது. வீட்டில் யாரும் சொன்னதில்லை. தன்னைப் பற்றி எழுது என்றால் கூச்சத்தில் நெளிந்து, ஏதோ புத்தகத்தில் பார்த்த வார்த்தைகளைத்தான் எழுதுவார்கள். ஒருவருடைய முதுகு அடுத்தவர் கண்ணுக்குத்தானே தெரியும்?

நம் சட்டக் கல்லூரிகளில் அம்பேத்கர் படத்துக்குக் குறைவில்லை. அவர் 1913-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர். 1916-ல் அங்கிருந்து லண்டன் கிளம்பினார். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பொருளாதாரம், கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் படிப்பு. அப்போது கொலம்பியாவில் அவருடைய பேராசிரியராக இருந்த எட்வின் செலிக்மன், லண்டனில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த ஹெர்பர்ட் ஃபாக்ஸ்வெல்லுக்கு இந்த மாணவரைப் பற்றிக் கடிதம் எழுதினார். செலிக்மன் அந்தக் காலத்தில் பொருளாதாரத் துறையில் பெரிய தலை. வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தவர் அல்ல. கடல் கடந்து வந்த ஒரு மாணவருக்காக அவர் பேனாவை எடுத்தார். ஏப்ரல் 14 அன்று படத்துக்கு மாலை போடுகிற ஆசிரியர்கள் இந்தக் கடிதத்தையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

செய்யவேண்டியது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை.

மாணவர்களே, கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்னாலேயே கேளுங்கள். உங்கள் மார்க் ஷீட், எழுதிய கட்டுரை, எந்தப் படிப்புக்கு ஏன் போகிறீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பு, எல்லாவற்றையும் கொடுங்கள். குறிப்புக் கொடுப்பது உங்கள் வேலை. கடிதம் எழுதுவது அவர் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெரிய பெயரைத் தேடாதீர்கள். உங்களைப் பார்த்தவரைத் தேடுங்கள்.

கல்லூரி முதல்வர்களே, உங்கள் ஆசிரியர்களுக்குக் கல்லூரி பெயரில் ஒரு இ-மெயில் முகவரி வாங்கிக் கொடுங்கள். சொந்த ஜிமெயிலிலிருந்து வருகிற கடிதத்தை அங்கே சந்தேகமாகப் பார்க்க இடம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம், எப்படி எழுதுவது என்று உட்கார்ந்து பேசுங்கள்.

ஆசிரியர்களே, உங்களிடம் யாரும் தயவு கேட்கவில்லை. பாடம் நடத்துவது மாதிரி, பேப்பர் திருத்துவது மாதிரி, இதுவும் உங்கள் வேலை.

அந்தப் பெண்ணுக்கு நான் கடிதம் தரவில்லை. "உங்களை நல்லாப் பார்த்தவங்க யாரு?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, மாதிரி நீதிமன்றப் போட்டிக்குத் தயார் செய்த ஒரு கௌரவ விரிவுரையாளரைச் சொன்னார். "ஆனா அவர் பர்மனென்ட் இல்லை சார். அவர் லெட்டர் எடுபடுமா?" என்றார். மூன்று மாதம் ராத்திரி எட்டு மணி வரை கூடவே இருந்து, இவர் வாதத்தைப் பதினேழு முறை கிழித்துப் போட்டவராம். அவரை விட்டுவிட்டு என்னைத் தேடி பஸ் ஏறியிருக்கிறார்!

போன வாரம் போன் செய்தார்.

"குடுத்துட்டீங்களாம்மா?"

"சார் பத்து நாள் டைம் கேட்டார். நேத்து ராத்திரி அப்லோட் பண்ணிட்டார்."

"என்ன எழுதியிருக்கார்?"

"தெரியாது சார். கேட்டதுக்கு, காட்டவே மாட்டேன்னுட்டார்."

குரலில் அப்படி ஒரு சந்தோஷம். மற்ற இரண்டு கடிதங்கள்? மேடத்திடம் திரும்பப் போயிருக்கிறார். "நான் எழுதினது வேணாம் மேடம், நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

மேடம், இன்னும் கடைசித் தேதி முடியவில்லை.